வெவரக்காரர்

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்கு வருகிறவர்களுக்குக் குளிர் தெரியும், தேயிலை தெரியும், வழியில் வரையாடு தென்பட்டதா இல்லையா என்பதும் தெரியும். வெவரக்காரரைத் தெரிந்துகொள்ள, பஸ் வரும்வரை மழைக்கு ஒரு பேக்கரியில் ஒதுங்க வேண்டும். குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக, உள்ளே வந்தவர் யாரும் தப்பிக்க முடியாத மேசையில் அவர் உட்கார்ந்திருப்பார். "ஏனுங்ண்ணா, சக்திமான் சீரியல் பாத்திருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார். ஆமாம் என்றாலும் மாட்டினீர்கள், இல்லை என்றாலும் மாட்டினீர்கள். "அப்ப அதுல வர்ற கங்காதரோட முழுப்பேரு சொல்லுங்க பாக்கலாமுங்." பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்காரநாத் சாஸ்திரி என்று அவரே சொல்லி முடிப்பதற்குள் பொள்ளாச்சி பஸ் போயிருக்கும். அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தொடர்தானே என்று யாராவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. தொடங்கியது 1997 செப்டம்பர் 13, சனிக்கிழமை. முடிந்தது 2005 மார்ச் 27. அதற்கு முதல் நாள்தான், 1989-இல் நிறுத்தப்பட்ட 'டாக்டர் ஹூ' இங்கிலாந்தில் மறுபடி தொடராகத் தொடங்கியது. இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து வந்ததால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கக் கூடாது. அவருக்கு அது பத்துப் பொருத்தமும் கூடிய ஜாதகம்.

ஊர் அவரை வெட்டி ஆள் என்று தீர்மானித்து வெகுகாலமாகிறது. வளைவுக்கெல்லாம் வரிசை எண் போட்டு, அந்த எண்ணைச் சொல்லியே வழிகாட்டும் ஊருக்கு, எண் பைத்தியத்தைக் கேலி செய்ய என்ன யோக்கியதை என்பது ஒருபுறம் இருக்கட்டும். என் கட்சி வேறு. வெவரக்காரர் என்பவர் சம்பளமில்லாத ஆவணக் காப்பகம். அரசாங்கமும் நிறுவனங்களும் குப்பை என்று தள்ளுவதை இவர்தான் எடுத்து வைக்கிறார். இதற்குச் சாட்சி அவருடைய அந்த டாக்டர் ஹூவேதான். 1963 நவம்பர் 23-இல் பிபிசியில் முதல் பகுதி ஒளிபரப்பானது. இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன். இதைச் சொல்லும்போது மட்டும் வெவரக்காரரின் குரலில் தேசபக்தி ஏறும். ஒளிபரப்புக்கு முதல் நாள்தான் கென்னடி சுடப்பட்டிருந்தார். போதாததற்குப் பல இடங்களில் கரண்டும் இல்லை. ஆகவே அடுத்த வாரம் முதல் பகுதியைத் திரும்பப் போட்டுவிட்டே இரண்டாவதைப் போட்டார்கள். தென்மேற்குப் பருவமழையில் கரண்டு போய்ப் போய் வளர்ந்த வால்பாறைக்காரருக்கு இந்தச் செய்தி தரும் ஆற்றாமையைப் புரிந்துகொள்ளலாம். நமக்காக எந்தத் தூர்தர்ஷன் திரும்பப் போட்டது?

இவ்வளவு கரிசனம் காட்டிய அதே பிபிசி என்ன செய்தது? வீடியோ டேப் விலை அதிகம், பழசை யார் பார்க்கப் போகிறார்கள் என்று, அறுபதுகளின் பகுதிகளை அழித்து அதே டேப்பில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்கு இன்றுவரை படம் இல்லை. ஆனால் ஒலி இருக்கிறது. ஒரு பகுதிகூடக் குறையாமல் இருக்கிறது. காரணம், அந்தக் காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, வீட்டில் யாரும் இருமக்கூடாது என்று அதட்டிய சில பையன்கள். அவர்களையும் அன்று வெட்டி என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். எந்த நாட்டுக்கு எந்தப் பகுதியின் பிரதி விற்கப்பட்டது என்பதை விடாமல் துருவியவர்கள் இருந்ததால்தான் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையத்தில் தூசி படிந்து கிடந்த படச்சுருள்களிலிருந்து ஒன்பது பகுதிகள் 2013-இல் திரும்பி வந்தன.

கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்கு என்று கேட்பார்கள். போனில் இருப்பது யாரோ ஒரு வெவரக்காரர் ஏற்றி வைத்ததுதான். அதற்கும் மேல், உலகமே சேர்ந்து தப்பாகச் சொல்வதைத் தப்பு என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்த 'ஸ்டார் டிரெக்' தொடரின் புகழ்பெற்ற வசனம் 'பீம் மீ அப், ஸ்காட்டி' என்பார்கள். 1966 முதல் 1969 வரை வந்த 79 பகுதிகளிலும் அந்த வசனம் அதே சொற்களில் ஒருமுறைகூட வரவில்லை. கூட்டம் சொல்வதை நம்பாமல் உட்கார்ந்து சரிபார்த்த பொறுமை சாதாரணமானதல்ல.

இன்னொரு ஆட்சேபணை கனமானது. ஊருக்குப் பயன்படும் விவரம் என்றால், மாலையில் உள்ளூர்க் கேபிள் டிவியில் ஓடிய வரி: எந்த எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்ற வரி. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆட்கள் ஆரம்பித்து, பிறகு எஸ்எம்எஸ்சாகவும் போன் மூலம் எரியவைக்கும் சிவப்பு விளக்காகவும் வளர்ந்த ஏற்பாடு அது. பல உயிர்களைக் காத்தது. அதன் பக்கத்தில் கங்காதரின் முழுப்பெயரை வைக்க முடியுமா? முடியாதுதான். ஆனால் எந்தக் காட்டுத்துண்டு, எத்தனை உருப்படி, குட்டி உண்டா என்று சலிக்காமல் குறித்துவைக்கும் புத்தியும் வெவரக்காரரின் புத்தியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று வேலைக்குப் போகிறது, மற்றொன்று பேக்கரியில் உட்கார்ந்திருக்கிறது.

அவரிடம் குறையே இல்லை என்று வாதிட நான் தயாரில்லை. சக்திமான் தொடரின் கதையைக் கேட்டால் திணறுவார். அதன் வில்லன் தம்ராஜ் கில்விஷ் எதற்காக இருட்டை விரும்பினான் என்பதைவிட, அவனாக நடித்தவர் சுரேந்திர பால் என்பதுதான் அவருக்கு முக்கியம். விடை தெரிந்த கேள்வியை மட்டுமே கேட்பார். தெரியாததை யாரிடமும் கேட்கமாட்டார். ஒரேயொரு விஷயம் விலக்கு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்ததே, அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா என்று எதிரில் உட்காருகிறவர்களையெல்லாம் விசாரிப்பார். அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை, டாக்டர் ஹூவில் 1977-இல் வந்த கே-9 என்ற இயந்திர நாயோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டுமாம். ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து வீடியோ கேசட் ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதில் ஜீனோ இருந்தால் வால்பாறைக்கு எடுத்துப் போங்கள். டீக்காசு அவரே கொடுத்துவிடுவார்.