ராஜம் கடிதம் போடுவானா?

கேள்வி: ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ படித்து முடித்த என் மகன் முகம் வாடி உட்கார்ந்துவிட்டான். நட்பைப் பற்றிய கதையில் கடைசியில் நண்பர்கள் ஒன்று சேர வேண்டாமா?

பதில்: வாடினானா? அப்படியென்றால் ஒழுங்காகப் படித்திருக்கிறான், ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்! சேர்த்துவைப்பது எளிது. சுவாமியின் நண்பர்களில் மணி தடியோடும் ராஜம் ஏர்கன்னோடும் சரயு நதிக்கரையில் சண்டைக்கு வந்தவர்கள், சிநேகிதர்களாகத் திரும்புகிறார்கள். பிள்ளைகளின் நட்பு அப்படித்தான் ஆரம்பிக்கும். அறுந்துபோவதும் அதே வேகத்தில்தான்: ஒரு கிரிக்கெட் மேட்சுக்கு சுவாமி வரவில்லை, ராஜம் பேச்சை நிறுத்திவிட்டான்.

கடைசியில் ராஜம் ஊரைவிட்டுப் போகும் அந்த ரயில் நிலையக் காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். ராஜம் ஏதோ சொல்ல வாய் திறக்கும்போதே கார்டு விசில் ஊதிவிடுகிறார். சுவாமி கொண்டுவந்த ஆண்டர்சன் கதைப் புத்தகத்தை, ஓடும் ரயிலோடு ஓடி மணிதான் கொடுக்கிறான். ராஜம் வாங்கிக்கொண்டு கையசைக்கிறான். மன்னித்தானா? நாராயண் சொல்லவில்லை. 1935-இல் வெளிவந்த நாவல். இன்றும் வாசகர்கள் இதற்காகச் சண்டை போடுகிறார்கள். சமாதான முடிவு எழுதியிருந்தால் புத்தகத்தை மூடியதுமே மறந்திருப்போம்.

மகனுக்கு ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். ராஜம் என்ன சொல்ல வாயெடுத்தான் என்று அவனையே கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.