அளக்கிற ஆட்கள்

ஒன்பது பிராங்க். சூரிச்சில் இந்தக் காசுக்கு ஒரு கோப்பி குடிக்கலாம். இரண்டாவது கோப்பிக்குக் காணாது. 2016 முதல் தலைக்கு, ஆண்டுக்கு என்று கணக்குப் பார்த்து இந்தக் காசை சுவிஸ் அரசு வாங்குகிறது. கழிவுநீர் நிலையம் அரசுக்குக் கட்டும், நாம் நிலையத்துக்குக் கட்டுவோம். எதற்கு? நாம் கக்கூசுக்குள் விடும் தண்ணீரில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத மருந்துத் துணுக்குகளைப் பிரித்தெடுக்க. இலக்கு நூற்றுக்கு எண்பது பங்கு. வேலை 2040 வரை நடக்குமாம்.

நான் இருப்பது ஷ்லீரனில், லிம்மாட் ஆற்றங்கரையில். எங்களுக்குச் சற்று மேலே, ஆறு வரும் திசையில், சூரிச் நகரத்தின் கழிவெல்லாம் போய்ச் சேரும் வேர்ட்ஹோல்ஸ்லி நிலையம். 2018 முதல் அங்கே ஓசோன் அடிக்கிறார்கள். நகரத்தின் அழுக்கு அங்கே குளித்து முழுகி, எங்கள் ஊரைக் கடந்து போகிறது. கோடையில் இளசுகள் அதே ஆற்றில் ரப்பர்த் தோணி விட்டு பியர் குடிக்கிறார்கள்.

அதோடு விடுவதில்லை. கழிவை அளக்கிறார்கள். கொரோனா காலத்தில் நகரத்துக்குள் வைரசு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சாக்கடைதான் சொன்னது. கொக்கெயினையும் அளக்கிறார்கள். ஐரோப்பிய நகரங்களின் அந்தப் பட்டியலில் சூரிச் ஆண்டாண்டாய் முன்வரிசை. வார இறுதியில் இன்னும் ஏறும். இந்த நாட்டில் வங்கிக்குத்தான் இரகசியம். கக்கூசுக்குக் கிடையாது.

2017இல் டூபென்டோர்ஃபில் உள்ள எயாவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனம் இன்னொரு கணக்குச் சொன்னது. சுவிஸ் கழிவுநீரோடு ஆண்டுக்கு 43 கிலோ தங்கம் போகிறது. வெள்ளி 3 டன். கடிகாரமும் நகையும் செய்யும் பட்டறைகள், தங்கம் உருக்கும் ஆலைகள், இப்படிப் பல வழியில். 43 கிலோவை நம்முடைய பவுணில் போட்டுப் பாருங்கள். ஐயாயிரத்துக்கு மேல். எங்கள் சனம் சீட்டுக் கட்டி, சீட்டுக்காரன் ஓடி, மறுபடி சீட்டுக் கட்டித் தாலிக்கொடி செய்கிறது. இவர்களுக்குச் சாக்கடையே நகைக்கடை.

சிரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் எங்கள் பங்கும் உண்டு. முழங்காலுக்கு வோல்டரென் பூசாத சுவிஸ் தமிழரைக் காட்டுங்கள் பார்ப்போம். முப்பது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவி, இரவில் அலுவலகம் துடைத்த முழங்கால். பாசலின் சீபா-கைகி கண்டுபிடித்த டைக்ளோஃபெனாக்தான் அதற்குள் இருக்கும் மருந்து. பூசியது குளியலில் கழுவுப்பட்டுக் குழாய்க்குள் போகிறது. அதைத்தான் ஓசோன் அடித்து உடைக்கிறார்கள், மீனுக்கு ஆகாதென்று. மீனுக்கு ஆகாதது கழுகுக்கும் ஆகாது. மாட்டுக்குப் போட்ட இதே மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைத் தெற்காசியாவில் துடைத்து எறிந்தது. கழுகுகள் கிட்டத்தட்ட முடிந்த பிறகு, 2006இல், மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது. லிம்மாட் மீனுக்கு வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே அளந்தார்கள். எங்கள் கழுகைச் செத்த பிறகு எண்ணினார்கள்.

ஷ்லீரன் ஒன்றும் பிறவியிலேயே சுத்தமான ஊர் அல்ல. 1898 முதல் 1974 வரை சூரிச் நகரத்துக்கு இங்கேதான் நிலக்கரி சுட்டு வாயு எடுத்தார்கள். தாரும் புகையும் எங்களுக்கு, வெளிச்சமும் அடுப்பும் நகரத்துக்கு. ரெயில் பெட்டியும் லிப்டும் செய்த வாகி தொழிற்சாலை 1985இல் மூடுப்பட்டது. இப்போது அந்த வாகி வீதியில் உயிர்த் தொழில்நுட்பப் பூங்கா. கண்ணாடிக் கட்டடம், வெள்ளை மேலங்கி, பங்குச் சந்தையில் பெயர்.

இப்படியான ஆய்வுகூடம் ஒன்றில் நான் சில வருடம் இரவில் துப்புரவு செய்தேன். மஞ்சள் முக்கோணம் ஒட்டிய வாளியைத் தொடக்கூடாது. அதற்குள் பாக்டீரியா வளர்த்த கிண்ணங்கள். அவற்றைச் சும்மா குப்பையில் போட முடியாது. தடித்த பையில் கட்டி, ஒரு பெரிய இரும்புப் பானைக்குள் வைத்து, 121 பாகை நீராவியில் அவிக்க வேண்டும். புட்டு அவிப்பது போலத்தான். பத்திரம் மட்டும் கூட. எந்தக் கிண்ணம், எத்தனை மணிக்கு, யார் அவித்தது என்று ஒரு கொப்பியில் கையெழுத்து. ஒரு கிருமி சாவதற்கு இந்த ஊரில் மரணச் சான்றிதழ் உண்டு.

இவ்வளவு ஒழுங்கான நாட்டில் உனக்கென்ன எரிச்சல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

குளோரோதலோனில் என்று ஒரு பூஞ்சைக்கொல்லி. 1970களிலிருந்து சுவிஸ் வயல்களில் அடித்த மருந்து. அது உடைந்து நிலத்தடி நீருக்குள் இறங்கிவிட்டது. வயல் நிறைந்த நடுநாட்டின் பல ஊர்களில் குழாய்த் தண்ணீரில் அளவு மீறியது. புற்றுநோய்ச் சந்தேகம் எழுந்தது. 2020 ஜனவரி 1 முதல் அரசு தடை போட்டது. நல்லது. உடனே பூச்சிமருந்துக் கம்பனியான சிஞ்சென்டா நீதிமன்றம் போனது. சென்ட் காலனில் உள்ள நிர்வாக நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: வழக்கு முடியும்வரை அந்த ஆபத்து மதிப்பீட்டை அரசு அலுவலகம் தன் இணையப் பக்கத்தில் வைக்கக்கூடாது. 2021இல் அலுவலகம் பக்கத்தைத் துடைத்தது. தண்ணீர் அப்படியே இருந்தது. பக்கம் சுத்தமானது. உலகத்திலேயே மிக விரைவான சுத்திகரிப்பு. ஓசோனும் தேவையில்லை, ஒன்பது பிராங்கும் தேவையில்லை.

அதே ஆண்டு ஜூன் 13இல் சனத்திடமே கேட்டார்கள். குடிநீரைக் காக்க ஒரு யோசனை, செயற்கைப் பூச்சிக்கொல்லியே வேண்டாம் என்று இன்னொரு யோசனை. இரண்டையும் நூற்றுக்கு அறுபது பேர் தோற்கடித்தார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் கடையில் போத்தல் தண்ணீர்ப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்து, எதிர்த்து வாக்களித்ததை எனக்கு விளக்கமாகச் சொன்னார். விவசாயி பாவமாம்.

மூடி மறைப்பது இவர்களுக்குப் புதிதும் அல்ல. 1963இல் செர்மாட் மலையூரில் தைபொயிட்டுக் காய்ச்சல். பனிச்சறுக்குக் காலம், விடுதி நிறைய ஆள். சொன்னால் வியாபாரம் படுத்துவிடும். ஊர்ப் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தண்ணீரில் வந்த கிருமி வாயை மூடவில்லை. நானூறுக்கு மேற்பட்டோர் படுத்தார்கள், மூவர் செத்தார்கள். 2010இல் கிருமியைக் கிட்டத்தட்ட எந்த மருந்துக்கும் அசையாததாக்கும் என்டிஎம்-1 மரபணு பற்றிய ஆய்வு வந்தபோது, இந்தியாவிலும் பெரிய ஆட்கள் குதித்தது மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றுதான். ஆய்வின் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கார்த்திகேயன் குமாரசாமி. மலையோ மருத்துவமனையோ, அறை வாடகை விழுந்தால்தான் இவர்களுக்குக் காய்ச்சல்.

இங்கே ஆகாதது எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். பராக்குவாட்டை சுவிஸ் 1989இலேயே தடை செய்துவிட்டது. எங்களூரில் அதன் பெயர் கிரமொக்சோன். தோட்டக் கொட்டிலில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு போத்தல் நிற்கும். அந்தப் போத்தலால் எத்தனை வீட்டில் சாவு விழுந்தது என்று யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் யாரையும் கேளுங்கள். இலங்கை 2008இல் தொடங்கிப் படிப்படியாக அதை ஒழித்தது. 2000இல் பாசலில் உருவான சிஞ்சென்டா அதுவரை விற்றது. மற்ற நாடுகளில் அதற்குப் பிறகும் விற்றது. தனக்கு ஆகாத ஐந்து மருந்துகளைப் பிறருக்கு ஏற்றக்கூடாது என்ற சுவிஸ் அரசின் ஞானம் நடைமுறைக்கு வந்தது 2021இல். 1989இலிருந்து எண்ணுங்கள். முப்பத்திரண்டு வருடம். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன்கோவில். இவர்கள் இடித்தது அடுத்த ஊர்ச் சிவன்கோவிலை.

வெள்ளைக்காரனை வைய இவ்வளவு மை போதும். எங்கள் ஆட்களுக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மழை விழுந்து சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் குடிக்கிறோம். கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும். ஒரு வளவில் ஊற்றியது அடுத்த வளவுக் கிணற்றில் எட்டிப் பார்க்கும். அப்படியான நிலத்தில், சுன்னாகத்தில், எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். கழிவெண்ணெய் எங்கே போனது? யாரும் கையெழுத்துக் கொப்பி வைக்கவில்லை.

மச்சாள் 2014 கடைசியில் தொலைபேசியில் சொன்னாள்: "அத்தான், வாளியை விட்டு அள்ளினா மண்ணெண்ணெய் மணம். தேத்தண்ணிக்கு மேல வானவில் மிதக்குது. சின்னவள் வடிவாயிருக்குதெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

மூக்கு அளந்துவிட்டது. ஆனால் மூக்குக்குப் பட்டம் இல்லை. நீர் வழங்கல் சபையின் ஆட்கள் அளந்தார்கள். 150 கிணறுகள். அவற்றில் 109இல் எண்ணெயும் கிரீசும் தர அளவைத் தாண்டி இருந்தன. அப்போது வடமாகாண சபை என்ன செய்தது தெரியுமா? நாங்கள் வாக்குப் போட்டு, பட்டாசு கொளுத்தி, எங்கள் ஆட்சி என்று நெஞ்சு நிமிர்த்திய அதே சபை. ஒரு நிபுணர் குழு போட்டது. குழுவும் அளந்தது. ஆபத்தான எண்ணெய் இல்லை என்றது. தமிழ் வளமான மொழி. ஆய்வுகூடத்தில் செய்வதற்கும் வாயால் விடுவதற்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது: அளப்பது.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, மருத்துவபீடம் இருக்கிறது, நுண்ணுயிரியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் மண்ணிலேயே உண்டு. நான்கு வகையின் ஆற்றலை ஒன்றில் சேர்த்து ஆனந்த சக்கரவர்த்தி என்ற வங்காளி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1980இல் காப்புரிமைக்கு வழி திறந்தார். படிப்புக்குக் குறைவே இல்லை. நாக்குக்குத்தான் குறைவு. பதவி உயர்வுக்குக் கட்டுரை எழுதும் கை, பொதுக் கூட்டத்தில் கிணறு என்று வந்ததும் சால்வையைச் சரிசெய்யப் போய்விடுகிறது.

கடைசியில் உச்ச நீதிமன்றம் போனது தெற்கிலிருந்து ஒரு சிங்களச் சூழலியலாளர். 2015இல் போட்ட வழக்கு. 2019 ஏப்ரலில் தீர்ப்பு. சுன்னாகத்தில் மின்சாரம் எடுத்த நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா கட்ட வேண்டும். அன்றைய விலையில் ஒரு இலட்சத்துச் சொச்சம் பிராங்க். அந்தக் காசுக்கு ஷ்லீரனில் ஓர் அறை வீடுகூட வாங்க முடியாது. சுன்னாகத்தின் மண்ணுக்கும் நீருக்கும் அதுதான் விலை.

இந்தியாவுக்குப் பெருமை இதைவிடக் கூட. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவு. மருந்துக் கம்பனிகளின் கழிவைச் சுத்திகரித்த பின் வெளியே விட்ட நீரை 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்தார்கள். லீட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளொக்சசின். நோயாளியின் இரத்தத்தில் ஓடுவதைவிடக் கூட. உலகத்தின் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை. உள்ளூர் ஆற்றின் கிருமிக்குப் பயிற்சிப் பட்டறை. 2020 ஜனவரியில் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. ஒவ்வொரு ஆண்டிபயாடிக்குக்கும் கழிவில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று பட்டியல். 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தது. பட்டியலைக் காணோம். சென்ட் காலனில் பக்கத்தைத் துடைக்க நீதிபதி வேண்டியிருந்தது. டில்லியில் அதுகூட வேண்டியிருக்கவில்லை.

2015 மார்ச்சில் மச்சாள் மறுபடி எடுத்தாள். குரலில் சந்தோசம். சின்னவளுக்கு உலகத் தண்ணீர் தினக் கட்டுரைப் போட்டியில் முதலிடமாம். தலைப்பு, நீரின்றி நாமில்லை. மேடையில் மூன்று பேர் பேசினார்களாம். நிலத்தடி நீரைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், பிரச்சினை வரும் என்று முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்களாம். அதனால் மழையைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறாள்.

"என்ன பரிசு?" என்றேன்.

"தண்ணிப் போத்தல் அத்தான். நீல நிறம், நல்ல வடிவு."

"தண்ணியோடயா?"

"இல்லை, வெறும் போத்தல். தண்ணிப் பவுசர் திங்கக்கிழமைதான் வரும்."