மலையை எங்கிட்டு நகர்த்துறது?

கம்பம் பள்ளத்தாக்கில் தன்னம்பிக்கைக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை; தண்ணீருக்குத்தான் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் தேனியில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் ‘உன்னால் முடியும்’ வகுப்பு நடந்துகொண்டே இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கொஞ்சம் அதிகம். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் மண்டப வாடகை குறைவு என்பதால், எங்கள் மக்கள் அந்த இரண்டு மாதமும் தவிர்க்க முடியாமல் சாதித்தாக வேண்டியிருக்கிறது.

அப்படி ஓர் ஆடி மாதத்தில் என் மாமாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வகுப்புக்குப் போனேன். மாமா கம்பத்துக்குப் பக்கத்தில் பன்னீர்த் திராட்சை போட்டிருப்பவர். தன்னம்பிக்கை தனக்கு ஏற்கெனவே கையிருப்பு உண்டு என்றுதான் முதலில் மறுத்தார். மதியம் வடை, பாயாசத்தோடு சாப்பாடு என்றதும் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பயிற்சியாளர் கோட்டுப் போட்டிருந்தார். மின்விசிறி அவர் பக்கம் திரும்பும் போதெல்லாம் பேச்சில் ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது. எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். “உங்கள் முன்னால் ஒரு மலை நிற்கிறது. அதைப் பார்த்து ‘நகர்’ என்று சொல்லுங்கள். முழு நம்பிக்கையோடு சொன்னால் நகரும்!” என்றார்.

மாமா கண்ணைத் திறந்து கையைத் தூக்கினார்.

“தம்பி, ஒரு சந்தேகம். எங்கிட்டு நகரச் சொல்லணும்? கெழக்க நகர்ந்துச்சுன்னா என் தோட்டம் போச்சு. மேக்க நகர்ந்துச்சுன்னா கேரளாக்காரவய்ங்க கேஸ் போட்டுருவாய்ங்க.”

மண்டபம் சிரித்தது. பயிற்சியாளரும் சேர்ந்து சிரித்துவிட்டு, “ஐயா, இது ஓர் உருவகம்” என்றார்.

“உருவகமா இருந்தாலும் சர்வே நம்பர் உண்டுல்ல?” என்றார் மாமா.

சாப்பாடு முடிந்து பஸ் ஏறும் வரைக்கும் அவருக்கு ஆறவில்லை. “மலைய நகத்துறதாம்! நம்ம ஊருல எவனாச்சும் நகத்துனானா மாப்ளே? ஓட்டையில்ல போட்டாய்ங்க!”

அவர் சொன்னது முல்லைப் பெரியாறு. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் வீணாய் விழுந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து, மலைக்குள் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட கதை. தேனி மாவட்டத்தில் எந்தப் பேச்சும் கால் மணி நேரம் நீடித்தால் அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்கில்தான் போய் நிற்கும். எங்கள் பஸ்ஸும் அப்படித்தான். தேனிப் புதிய பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர்தான்.

இந்த யோசனை பென்னிகுவிக்குக்கு முதலில் தோன்றியதல்ல. ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தோன்றிவிட்டது. யோசனை இருந்தது, கஜானாவில் பணம் இல்லை. எங்கள் பக்கம் இன்றைக்கும் பல திட்டங்கள் அந்த இடத்தில்தான் நிற்கின்றன. பிறகு 1808-இல் கேப்டன் கால்டுவெல் என்ற பொறியாளரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். (திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் இவரில்லை. அவர் பிறக்கவே இன்னும் சில வருடம் இருந்தது.) மலை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியவர், இது வெறும் கற்பனை, இனிமேல் இதைப் பற்றி யோசிப்பதே வீண் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

தன்னம்பிக்கை வகுப்புகளில் இந்தக் கால்டுவெல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அவருக்கு என்ன தன்னம்பிக்கை குறைச்சலா? முடியாது என்பதை எவ்வளவு நிமிர்ந்து சொல்லியிருக்கிறார்! தயங்கினாரா, ‘ஒருவேளை’ என்று இழுத்தாரா? முடியும் என்று சொன்ன பென்னிகுவிக்குக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்ததோ, அதில் ஒரு குன்றிமணி குறையாமல் முடியாது என்று சொன்னவருக்கும் இருந்திருக்கிறது. ஒருத்தருக்கு மணிமண்டபம். இன்னொருத்தருக்கு ஒரு மைல்கல்கூட இல்லை. தன் மேல் வைத்த நம்பிக்கைதான் அணையைக் கட்டியது என்றால், கால்டுவெல் கணக்கை எங்கே எழுதுவது என்று மாமாவிடம் கேட்டேன்.

“அந்தாளு ஒரு தடவ பாத்துட்டுப் போயிட்டாரு. இந்தாளு போகல. அம்புட்டுத்தேன்” என்றார்.

அந்த ‘போகல’வுக்குள் நிறைய இருக்கிறது. 1850-இலேயே சின்னதாக ஓர் அணை வேலையைத் தொடங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் பாதியில் நிறுத்தியது. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வந்து தென்னாட்டைச் சூறையாடிய பிறகுதான் அரசாங்கத்துக்கு அவசரம் பிறந்தது. புனேயில் பிறந்த ராணுவப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் 1882-இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்புக்கு வந்தார். 1887-இல் வேலை தொடங்கியது. ஆனைக்காடு. கொசு. மழை பிடித்தால் விடாத மலை. கட்டிய தற்காலிகக் கரைகளை வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்டுவார்கள், மறுபடி வெள்ளம். சிமெண்டு இல்லை, சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும்தான். 155 அடி உயரத்துக்கு, ஆயிரத்து இருநூறு அடி நீளத்துக்கு அதை வைத்தே எழுப்பினார்கள். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் வந்து திறந்தார்.

சொத்தை விற்று, மனைவியின் நகையை விற்று பென்னிகுவிக் அணையைக் கட்டினார் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அதற்கு ஆவணம் எங்கே என்று கேட்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அவர்கள் அந்தக் கேள்வியை நூலகத்தில் கேட்பதுதான் நல்லது. கூடலூர் டீக்கடையில் கேட்டால் டீ வராது.

கூலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மலேரியாவிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அணைக்குப் பக்கத்திலேயே கல்லறைகள் இருக்கின்றன. கொட்டும் மழையில், நடுங்கும் காய்ச்சலில், இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு யாரும் கண்ணை மூடச் சொல்லி வகுப்பு எடுக்கவில்லை. சாராயம்தான் கொடுத்தார்கள். அதன் மருத்துவ குணம் இல்லாவிட்டால் வேலை முடிந்திருக்குமா என்பதே சந்தேகம் என்கிற தொனியில் அந்தக் காலத்து எழுத்து உண்டு. வெற்றிக்கு ஏழு வழி, பத்துப் படி என்று எழுதுகிறவர்கள் இந்தப் படியை மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

தன்னம்பிக்கையின் உச்சம் என்று நான் நினைப்பது அணையை அல்ல, ஒப்பந்தத்தை. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் மகாராஜாவும் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரியும் செய்துகொண்ட குத்தகை 999 வருடத்துக்கு. ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு 40,000 ரூபாய். தேனியில் என் வீட்டுக்காரர் பதினோரு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட எழுத மாட்டேன் என்கிறார். அதற்கே இரண்டு சாட்சி கேட்கிறார். இவர்கள் ஆயிரத்துக்கு ஒன்று குறைத்து எழுதியிருக்கிறார்கள்! கையெழுத்துப் போட்டு அறுபத்தொரு வருடத்தில் சாம்ராஜ்யமே மூட்டை கட்டிவிட்டது. இந்தியா மந்திரி என்ற பதவியும் போய்விட்டது, திருவிதாங்கூர் சமஸ்தானமும் போய்விட்டது. குத்தகை மட்டும் இருக்கிறது. அதை வைத்து இரண்டு மாநிலம் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பென்னிகுவிக் பிறந்தது ஜனவரி 15. பல வருடங்களில் தைப் பொங்கல் அன்றைக்கே வந்துவிடும். லோயர்கேம்ப்பில் 2013-இல் திறந்த மணிமண்டபத்தில் வெள்ளைக்காரத் துரைக்குப் பொங்கல் வைத்துக் குலவை போடுகிறார்கள். பிள்ளைக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. ‘பென்னிகுவிக்கு, எருமையை அவுத்துக் கட்டுடா’ என்று ஒரு தாய் கத்துவதைக் காதால் கேட்டவன் நான். வரலாற்றில் வேறு எந்தப் பொறியாளருக்காவது இந்த மரியாதை கிடைத்திருக்குமா, தெரியவில்லை.

தண்ணீருக்கு அடுத்தபடியாக எங்கள் பள்ளத்தாக்கின் முக்கிய விளைச்சல், சினிமாவுக்குப் போகிற ஆட்கள். பண்ணைப்புரத்தில் இளையராஜா, அல்லிநகரத்தில் பாரதிராஜா, வடுகபட்டிப் பக்கம் வைரமுத்து என்று ஆனபின், எங்கள் தெருவில் கதை கையில் இல்லாத வீடு கிடையாது. மளிகைக்கடைக்காரர் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே இடைவேளைக் காட்சி சொல்வார். கேட்டு முடிப்பதற்குள் பருப்பு கால் கிலோ கூடிவிடும் என்பதால் நானும் கேட்பேன்.

இவர்கள் எல்லோரும் உதாரணம் காட்டுவது இளையராஜாவை. 1976-இல் ‘அன்னக்கிளி’யின் முதல் பாட்டுப் பதிவு தொடங்குகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது, சகுனம் சரியில்லை என்று முகம் சுளித்தார்கள், ஆனாலும் மனுஷன் அசரவில்லை என்ற கதையைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். எனக்கு இதில் ஓர் ஐயம். கரண்ட் போனதற்கெல்லாம் மனம் உடைகிறவர்களாக இருந்தால் எங்கள் மாவட்டத்தில் ஒருத்தனும் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. அது அவருக்கு ஊர்ப் பழக்கம். அதற்கு முன்னால் அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடை மேடையாக ஆர்மோனியத்தோடு அலைந்த வருடங்களும், சென்னைக்குப் போனபின் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்ததும், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்ததும் உண்டே, அவற்றைச் சொல்லச் சொன்னால் மளிகைக்கடைக்காரர் கொட்டாவி விடுகிறார். ஒரு நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தது கதைக்கு ஆகிறது. வருடக்கணக்கில் பெட்டி வாசித்தது ஆகவில்லை.

நம்பிக்கை எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும் என்றால் எங்களுக்கு ரயில் எப்போதோ வந்திருக்க வேண்டும். மதுரை – போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப் பாதைக்காக 2010-இன் கடைசியில் நிறுத்தினார்கள். ‘ரயில் வரப்போகுது’ என்பதை வரன் தேடும்போது சொத்துக் கணக்கில் சேர்த்துச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் உண்டு. தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 ஜூனிலும் வந்து சேர்ந்தது. அதற்குள் அந்த மாப்பிள்ளைகளின் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். இதில் எங்களை நாங்கள் நம்பியது எவ்வளவு, ஏலக்காய் வியாபாரிகளும் பயணிகளும் எழுதி எழுதிக் குவித்த மனு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் எங்கள் பங்கு கேவலமாக இருக்கும். அதனால் நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

மாமாவுக்கு வருவோம். திராட்சைக்காரனுக்கு இருக்கிற நம்பிக்கை வேறு ரகம். கவாத்து பண்ணி, மருந்தடித்து, பந்தலுக்கடியில் நாளெல்லாம் கழுத்தை நிமிர்த்தி நின்று குலை பார்த்து, நாளைக்கு வெட்டலாம் என்கிற ராத்திரி மழை கொட்டும். பழம் வெடித்துவிடும். மறுநாள் காலையில் தோட்டத்தைச் சுற்றிவந்து வரப்பில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைப்பார். பீடி முடிந்ததும், “அடுத்த கவாத்துல பாத்துக்கலாம்” என்று எழுந்துவிடுவார். இதைத் தன்னம்பிக்கை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. “வேற என்ன செய்யச் சொல்ற? கூட்டுறவு பேங்க்ல கடன் இருக்குல்ல?” என்கிறார்.

2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலிருந்து மாமாவின் நடையே மாறிவிட்டது. போன வாரம் நான் தோட்டத்தில் இருந்தபோது வியாபாரி பைக்கில் வந்தார். குலையைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒரு பழத்தை வாயில் போட்டார். மாமா விலையைச் சொன்னார்.

“என்னண்ணே, சந்தைக்கு மேல சொல்றீங்க?”

“குறியீடு வாங்குன பழம்யா இது!”

“குறியீட்ட நீங்களே வச்சுக்கங்கண்ணே. பழத்துக்கு வெலையச் சொல்லுங்க.”

மாமா ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. வியாபாரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அத்தை தலையில் கை வைத்தாள். “பழம் தாங்காது, மேகம் வேற கெடக்கு. ரெண்டு ரூவா கொறச்சாத்தான் என்னவாம்?”

“திரும்பி வருவான். எனக்குத் தெரியும்” என்றார் மாமா. அந்த மண்டபத்துப் பயிற்சியாளர் பார்த்திருந்தால் மெடல் குத்தியிருப்பார்.

அஞ்சு நிமிடத்தில் பைக் சத்தம் கேட்டது. மாமா மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். வியாபாரி நேராக உள்ளே வந்தார், மோட்டார் ரூம் திண்ணையில் மறந்து வைத்திருந்த செல்போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

“இருய்யா, இருய்யா” என்று மாமா பின்னாலேயே ஓடினார். “மூணு ரூவா கொறச்சுக்கிறேன்.”