யாருக்கு வேண்டாத சத்தம்?

“சத்தம் போடாதே” என்று குழந்தையிடம் சொல்வது சுலபம், சத்தம் என்றால் என்னவென்று அது திருப்பிக் கேட்காதவரை.

மதுரையில் ஓர் அப்பாவிடம் அவருடைய யு.கே.ஜி. மகள் கேட்டேவிட்டாள். வங்கியில் வேலை பார்ப்பவர், கணக்கில் புலி. ஆனாலும் செய்முறை விளக்கத்தில்தான் ஆரம்பித்தார். கிண்ணத்தின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டினார். மேலே நாலு கடுகைப் போட்டு, பக்கத்தில் எவர்சில்வர் தாம்பாளத்தைப் பிடித்துக் கரண்டியால் ஓங்கி அடித்தார். தாம்பாளம் அதிர, அதைச் சுற்றியிருந்த காற்று அதிர, காற்றுப் பட்டு ரப்பர் அதிர, கடுகு குதித்தது. காதுக்குள் செவிப்பறை அதிர்வதும் இப்படித்தான் என்றார். பாடம் நன்றாகவே பதிந்தது. சாயங்காலம்வரை தாம்பாளமும் கரண்டியும் மகள் கையில்தான் இருந்தன.

“வேண்டாத சத்தத்தைத்தான் இரைச்சல்னு சொல்லுவாங்க” என்று பாடப்புத்தக விளக்கத்துக்குத் தாவினார் அப்பா.

“யாருக்கு வேண்டாத சத்தம்?”

நியாயமான கேள்வி. தாம்பாளம் மகளுக்கு வேண்டியிருந்தது. கிரிக்கெட் வர்ணனை அப்பாவுக்கு வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம். சத்தத்தை அளக்க மீட்டர் உண்டு. அம்மாவின் எரிச்சலை அளக்க இல்லை.

சரி, எண்ணைச் சொல்லிப் புரியவைப்போம் என்று டெசிபெலை எடுத்தார். அது தனிக் கணக்கு. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. 60 டெசிபெலில் பேசும் அத்தையோடு 60 டெசிபெலில் பேசும் சித்தியும் சேர்ந்துகொண்டால் 120 ஆகாது, 63தான். கூடத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்பு அண்ணன், கூட்டல் வீட்டுப்பாடத்தை மூடிவைத்துவிட்டான்.

சட்டமும் எண்ணில்தான் பேசுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபெல். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை 45. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம் அறிவிக்கலாம். அங்கே பகலில் 50தான். விதி எழுதியவர்கள் யு.கே.ஜி. விடும் நேரத்தில் பள்ளி வாசலில் நின்றதில்லை போலும்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு கிராமம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி இருக்கிறது கொள்ளுக்குடிப்பட்டி. கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊரார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அப்பா சொல்லி முடிப்பதற்குள் மகள், “பாவம்ப்பா, பறவைக்குக் காதைப் பொத்திக்கக் கை இல்லைல்ல?” என்றாள். கடுகும் டெசிபெலும் செய்யாததை ஒரு கொக்கு செய்து முடித்தது.

ஆகவே பெற்றோரே, முதலில் கேட்பவரின் காதைப் பற்றிச் சொல்லுங்கள். எண்கள் பிறகு வரட்டும். அந்தக் கட்டம் வந்ததும் அலைபேசியில் ஒரு டெசிபெல் செயலியை இறக்கிக் குழந்தையோடு வீட்டை அளந்து பாருங்கள். தொழிற்கூடங்களில் 8 மணி நேர வேலைக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு 85 டெசிபெல். மிக்ஸி அதைத் தாண்டினாலும் பயம் வேண்டாம், சட்னி அரைக்க 8 மணி நேரம் ஆகாது. அடுத்து டிவியை அளங்கள். அதற்கு முன் ரிமோட்டைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்.