பத்துக் காம்பராவுக்கு ஒரு பிரீசர்

ஊவா மாகாணத்தில் "வெயில் காலம்" என்று பொத்தாம் பொதுவாகப் பேச முடியாது. எந்த மைல்கல்லில் நின்றுகொண்டு பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். அப்புத்தளையில், 1,400 மீற்றருக்கு மேலே, ஒருவர் கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டிருக்கும் அதே மத்தியானத்தில், ரயிலில் இரண்டு மணி நேரம் கீழே, பதுளையில் இன்னொருவர் பெனியனைக் கழற்றி விசிறிக்கொண்டிருப்பார். பதுளையின் உயரம் ஏறக்குறைய 680 மீற்றர். இன்னும் இறங்கி வெல்லவாயப் பக்கம் போனால் விசிறுகிற காற்றே சுடும். ஆகவே ஐஸ்பழத்தை மேலே செய்தால் தின்ன ஆளில்லை. கீழே செய்தால் வாய்க்குப் போகுமுன் முழங்கைக்குப் போய்விடும். பதுளையும் பசறையும்தான் ஐஸ்பழத்துக்கென்று கடவுள் அளந்து வைத்த உயரம் என்பது என் கட்சி.

நாங்கள் இருப்பது பசறை ரோட்டில், நமுனுகுல மலையைப் பார்த்த மாதிரி ஒரு தோட்டத்து லயத்தில். எங்களுக்கு வருஷத்தில் இரண்டு வெயில். மார்ச், ஏப்ரலில் வருவது நாடு முழுக்கப் பொது. ஜூலை, ஆகஸ்டில் வருவது எங்களுக்கென்று தனியாக ஒதுக்கியது. தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டனிலும் வட்டவளையிலும் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, நடுமலையைத் தாண்டி எங்கள் பக்கம் வெறுங்கையோடு வருகிறது. அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சுகிற வாசம் ஏறுகிறது என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார்கள். அதே காற்றில் கொழுந்தெடுக்கிறவளின் உதடு வெடிப்பதை எழுதத்தான் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அந்த உதட்டுக்கு மருந்தாகத்தான் வீட்டில் ஐஸ்பழம் செய்கிறேன் என்று நான் சொல்லிக்கொள்வது. உண்மையில் பழம் கேட்பாரற்றுக் கிடக்கிறது, அதுதான் காரணம். கொய்யா பீலிக்கரையில் விழுந்து அழுகுகிறது. பேஷன் கொடி யார் வேலியில் முளைத்து யார் கூரையில் காய்க்கிறது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பழம் ஓசி. பிரீசர்தான் விலை.

எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. வேலை செய்கிற பிரிஜ் ஒன்றே ஒன்று. கொழும்பில் கடையில் நிற்கும் என் தம்பி தவணைக்கு எடுத்து லொறியில் ஏற்றி அனுப்பினான். காம்பராவுக்குள் அதை வைத்தால் நாங்கள் வெளியே படுக்க வேண்டும். அதனால் இஸ்தோப்பில் வைத்தோம். கதவுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது, இஸ்தோப்பில் இருப்பது லயத்துடையது. இந்தச் சட்டத்தைத் துரைமார் காலத்திலிருந்து யாரும் மாற்றவில்லை.

முதலில் கடைசிக் காம்பரா தாத்தாவின் இன்சுலின் வந்தது. அதற்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? பிறகு மாரியம்மன் பூசைக்கு வாங்கின மாலை. சம்பளத்தன்று கோழி.

"டீச்சர், இத ஒரு ஓரமா வச்சுக்கிறேன். ஒங்க ஐஸ்பழத்த அது ஒண்ணும் செய்யாது."

கோழி ஒன்றும் செய்யவில்லைதான். அதற்கு அடுத்த வாரம் வந்த மீன்தான் செய்தது. பிரீசருக்குள் மூடாமல் வைத்த எதுவும் பக்கத்தில் இருப்பதன் வாடையை இழுத்துக்கொள்ளும். பாலோ தேங்காய்ப்பாலோ கலந்திருந்தால் இன்னும் ஆவலாக இழுத்துக்கொள்ளும். அந்த வாரம் எங்கள் லயத்துப் பிள்ளைகள் தின்ற மாம்பழ ஐஸ்பழத்தில் கடற்கரை இருந்தது. கடலையே பார்க்காத சின்னவன் ஒருவன் மட்டும் இன்னொன்று கேட்டான்.

அச்சுக்கு நாங்கள் எங்கேயும் போவதில்லை. யோகட் தின்று கழுவிய கோப்பைகள் எல்லா வீட்டிலும் அடுக்காக இருக்கும். யோகட்டோடு தருகிற தட்டையான மரக்கரண்டியே குச்சி. கரண்டி தீர்ந்த ஒரு நாள் பையன்கள் மலைக்கு ஓடிப்போய் கவ்வாத்து வெட்டிய மிலாறைப் பொறுக்கி வந்தார்கள். தேயிலைக் குச்சியில் மாம்பழம்! பார்க்க அழகாக இருந்தது. ஆனால் தோட்டத்தில் என்னென்ன மருந்து அடிக்கிறார்கள் என்று தெரிந்தவள் நான். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். பையன்கள் என்னை அன்றைக்கு முழுக்க டீச்சர் என்று கூப்பிடவில்லை.

எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுக்கிறவள் என்பதால் சும்மா கரைத்து ஊற்றிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. சாறு தித்திப்பாக இருந்தால் போதாது, கொஞ்சம் திகட்ட வேண்டும்; ஏனென்றால் குளிரில் நாக்குக்கு இனிப்பு பாதிதான் தெரியும். அதற்காகச் சீனியை அள்ளிக் கொட்டினாலும் உறையாது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு சீனி கரைந்த தண்ணீர், பூச்சியத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கீழே போனால்தான் உறையவே தொடங்கும். அப்படித் தொடங்கும்போதும் வெறும் தண்ணீர்தான் முதலில் கட்டியாகிறது. சீனியும் நிறமும் புளிப்பும் ஒதுங்கி ஒதுங்கி நடுவில் போய்ச் சேர்கின்றன. எவ்வளவு மெதுவாக உறைகிறதோ அவ்வளவு பெரிய பளிங்கு, அவ்வளவு மோசம். பிரீசர் கதவை நிமிஷத்துக்கொரு தடவை திறந்து "ஆயிருச்சா?" என்று பார்ப்பதற்கும், ஐஸ்பழம் கண்ணாடிச் சில்லாய்ப் பல்லில் நெரிவதற்கும் உள்ள தொடர்பை நான் இஸ்தோப்பில் நின்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே ஒருத்தி கதவைத் திறந்து பார்த்தாள்.

கோப்பையை முட்ட முட்ட நிரப்பவும் கூடாது. தண்ணீர் உறைந்தால் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெருக்கும். எங்கள் வீட்டு அம்மாயிக்கு இது கண்ணில் குத்தும். குறை கோப்பை வைப்பது தரித்திரம் என்று நான் திரும்பிய பக்கம் பார்த்து மிச்சத்தை ஊற்றி நிரப்பிவிடுவார். மறுநாள் எல்லாக் கோப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக் குடும்பமாக வெளியே வரும்.

எந்தப் பழம் நல்லது என்பதில் என்னோடு யாரும் ஒத்துப்போவதில்லை. பேஷன் பழத்தை விதையோடு ஊற்ற வேண்டும். வடிகட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. அன்னாசிக்கு ஒரு கொதி அவசியம். பச்சைச் சாற்றில் பாலைக் கலந்தால், அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை வெட்டிக் கசப்பாக்கிவிடும். கொதித்தால் நொதி செயலிழந்துவிடும். பிபிலைத் தோடம்பழம் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே இனிக்கும். அதைப் பிழிந்து உறைய வைப்பது சாற்றுக்குச் செய்கிற அவமரியாதை, அப்படியே உரித்துத் தின்னலாம். பட்டர்புரூட்டில் டின்பாலைச் சேர்த்தால் கத்தியே வேண்டாத மென்மை வரும், ஆனால் பச்சை நிறத்தைக் கண்டு ஆண்கள் ஓடுகிறார்கள். அப்புத்தளை அடிசம் பங்களாவில் துறவிகள் பழங்களை ஜாமாக்கி விற்பது எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் படுகிறது. மேல்நாட்டு ஸ்ட்ரோபெரியின் தலைவிதி போத்தல்தான். உறைந்தால் அது வெறும் சிவப்புத் தண்ணீர்.

எல்லாவற்றுக்கும் மேலே விளாம்பழம். மொனராகலைப் பக்கத்திலிருந்து வருகிற நல்ல பழமாகப் பார்த்து, கீழே போட்டால் துள்ளாமல் தொப்பென்று உட்காருவதை எடுத்து, உடைத்து, கையாலேயே பிசைந்து, கட்டித் தேங்காய்ப்பாலும் கித்துள் பாணியும் விட்டுக் கரைத்து, நாரையும் விதையையும் அரித்தெடுத்துவிட்டு ஊற்ற வேண்டும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு பளிங்குகளைப் பெருக்க விடாது. அதனால் பல் பதிகிற இடத்தில் கடினம் இருக்காது. நிறம் மட்டும் செம்மண் பாதையில் தேங்கிய மழைத்தண்ணி மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு தின்னச் சொல்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்டை வெட்டினார்கள் அல்லவா, அந்த நாட்களில் எங்கள் ஐஸ்பழங்களுக்கு ஏழு பிறவியும் ஒரே வாரத்தில் கிடைத்தது. காலையில் உறையும், மத்தியானம் உருகும், இரவில் மறுபடி உறையும். ஒவ்வொரு பிறவியிலும் நிறமெல்லாம் அடிக்கு இறங்கி, மேலே வெள்ளை ஐஸ் மட்டும் நிற்கும். மேல்பாதியைக் கடித்த பிள்ளை ஏமாற்றுகிறாள் டீச்சர் என்றது. கீழ்ப்பாதிக்கு வந்தபோது அதற்குப் பேச்சு வரவில்லை. கரண்டு வருகிற நேரத்தைத் தாளில் எழுதிப் பிரிஜ் கதவில் ஒட்டியிருந்தேன். இன்சுலினை மட்டும் ஈரத்துணி சுற்றிய மண்சட்டிக்குள் மாற்றினோம். கோழிக்காரி அன்றன்றைக்கே சமைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் தந்தாள். லயத்து உறவு அந்த வாரத்தில் இருந்த மாதிரி எப்போதும் இருந்ததில்லை, நல்ல சாப்பாடும்தான்.

அமெரிக்காவில் பிராங்க் எப்பர்சன் என்ற பதினொரு வயதுப் பையன் 1905இல் ஒரு குளிர் இரவில், கலக்கிய சோடாத் தண்ணியைக் கலக்கிய குச்சியோடு வாசலில் மறந்துவிட்டுத் தூங்கப் போனான், காலையில் ஐஸ்பழம் நின்றது என்கிறார்கள். அவர் வளர்ந்து அதற்குக் காப்புரிமை வாங்கியது 1924இல். மலைநாட்டு ரயில் பாதை பதுளைக்கு வந்து முடிந்ததும் அதே 1924இல்தான். உலகத்தில் குச்சி ஐஸ் சட்டப்படி பிறந்த வருஷத்தில் எங்களுக்கு ரயில் வந்திருக்கிறது, ஐஸ்தான் வரப் பிந்திவிட்டது. எங்கள் லயத்து வாசலில் ஒரு சொம்புத் தண்ணியை இரவில் மறந்து வைத்தால் காலையில் சொம்பு இருக்காது.

போன ஆகஸ்டில் புதிதாக ஒன்று செய்து பார்த்தேன். ஊவாவில் இருந்துகொண்டு தேயிலையில் ஐஸ்பழம் போடாமல் இருப்பது நியாயமா? தோட்டத்தில் மாசாமாசம் தருகிற தூளை விட்டுவிட்டு, பதுளைக் கடையில் நல்ல தூளாக வாங்கி, கடுஞ்சாயம் வடித்து, இஞ்சியும் தேசிக்காயும் சீனியும் சேர்த்து ஆற வைத்தேன். சாயம் ஆற ஆறக் கலங்கியது. தேயிலை ருசி பார்க்கிறவர்கள் இந்தக் கலங்கலை நல்ல சாயத்தின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சூட்டில் தனித்தனியாக நின்ற கஃபீனும் நிறப்பொருள்களும் ஆறும்போது சேர்ந்துகொள்வதால் வருவது அது. சந்தோஷமாகக் கோப்பைகளில் ஊற்றினேன்.

மறுநாள் முதல் கோப்பையை மாமாவிடம் கொடுத்தேன். வாலிப வயதிலிருந்து ஸ்டோரில் ரோலர் பக்கம் நின்றவர். கொழுந்தை உள்ளங்கையில் தேய்த்து மோந்தே எந்த மலையில் எடுத்தது என்று சொல்வார். கரண்டியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கு நுனியால் தொட்டார். பிறகு எழுந்து குசினிக்குள் போனார். ஐஸ்பழம் ஒரு சின்னச் சட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கிற கோப்பையோடு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, ஊதி ஊதி முழுசாகக் குடித்தார்.

"இப்பச் சரியா இருக்கு புள்ள," என்றார். "அடுத்தவாட்டி சீனியக் கொஞ்சம் கொறச்சுக்க."