இறங்கும் இருக்கை: பிரிக்பீல்ட்ஸ் நோக்கில் ஒரு சித்தாந்த விசாரணை

மின்சார மலைச் சைக்கிளுக்கு டிராப்பர் போஸ்ட் தேவையா என்ற வினாவை உலகம் இதுவரை மலையடிவாரத்தில் நின்றே கேட்டு வந்திருக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நின்று கேட்டவர் இல்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு. பிரிக்பீல்ட்ஸில் மலை இல்லை என்று சொல்வதுகூடக் குறைத்துச் சொல்வதாகும். 1881இல் கோலாலம்பூர் தீக்கும் வெள்ளத்துக்கும் இரையானபின், இனி செங்கல்லால் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம் சொல்ல, சூளைகள் முளைத்த பகுதி இது. இருந்த மண்ணையும் வெட்டிச் சுட்டு ஊருக்குக் கொடுத்த நிலத்தைப் புவியியலில் ‘எதிர்மலை’ என்று வகைப்படுத்துவதே முறை.

முதலில் பொருளின் இலக்கணம். ஹேண்டிலில் உள்ள சிறு நெம்புகோலை அழுத்தினால் கேபிள் இழுபட்டு, சீட்டைத் தாங்கும் தண்டுக்குள் ஒரு வால்வு திறக்கும். ஓட்டுநரின் எடையில் சீட் கீழே போகும், உள்ளே அடைபட்ட நைட்ரஜன் சுருங்கும். எழுந்து நின்று மறுபடி அழுத்தினால் வாயு விரிந்து சீட்டை மேலே தள்ளும். ஆக, ஏறுவதற்கு ஆள் வேண்டாம், இறங்குவதற்கு ஆள் வேண்டும். இந்த நுட்பம் புரியாதவர்கள் சைக்கிளின் பக்கத்தில் நின்றபடி நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். “ஏறி உக்காந்துட்டு அழுத்துங்க அங்கிள்” என்று கடைப்பையன் சொல்லும்போதுதான் தெளிவு பிறக்கும்.

ஆய்வு முறைக்கு அருணந்தி சிவாச்சாரியாரைப் பின்பற்றுகிறேன். சிவஞான சித்தியாரில் அவர் பரபக்கத்தில் மாற்றாரை மறுத்துவிட்டுத்தான் சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவினார். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலை எழுப்பிய யாழ்ப்பாணத்துச் சைவர்களின் பேட்டையில் வேறு முறை எடுபடாது.

பரபக்கத்தில் மூவர். முதலாமவர் நிலைவாதி: சீட் ஒரே உயரத்தில் இருப்பதுதான் தர்மம் என்பவர். இவருக்குப் பின்னால் பதில் வரும். இரண்டாமவர் கழற்றுவாதி: வேண்டுமானால் இறங்கி நின்று, கிளிப்பைத் தளர்த்தி, சீட்டைத் தாழ்த்திக்கொள்ளலாமே என்பவர். 1980களிலேயே ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் ‘ஹைட் ரைட்’ என்ற வில்கம்பியைச் சீட் தண்டில் மாட்டி, வண்டியை விட்டு இறங்காமலே அந்த வேலையைச் செய்யவைத்துவிட்டார்கள். 2010இல் ராக்‌ஷாக்ஸின் ‘ரிவெர்ப்’ என்ற டிராப்பர் வந்தது. கழற்றுவாதி நாற்பது ஆண்டு பிந்தியவர் என்று சொல்லி நகர்கிறேன்.

மூன்றாமவர் மலைவாதி. இது மலைக்கான கருவி, ஊருக்குள் எதற்கு என்பார். 2022 மார்ச்சில் மிலான்–சான் ரேமோ பந்தயத்தை மாதே மோஹோரிச் வென்றபோது, தார்ச்சாலையில் ஓடும் அவருடைய சைக்கிளில் டிராப்பர் இருந்தது. போஜ்ஜோவின் இறக்கத்தில் தாழ உட்கார்ந்து எல்லாரையும் விட்டு விலகினார். “போஜ்ஜோவும் குன்றுதானே?” என்று மலைவாதி கேட்பார். கேட்கட்டும்.

இனிச் சுபக்கம். மிதிக்கும்போது, மிதிகட்டை அடிப்புள்ளிக்கு வருகையில் கால் ஏறக்குறைய நீண்டுவிட வேண்டும். சீட் அதற்குத் தக்க உயரத்தில் இல்லையென்றால் முழங்கால் வலிக்கும். இது முழங்கால் நியாயம். மலைச் சைக்கிளில் மிதிகட்டை அச்சே தரையிலிருந்து ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருப்பதால், முழங்காலுக்கு நியாயம் செய்த சீட்டில் உட்கார்ந்தவருக்கு நிற்கும்போது பெருவிரல் நுனிதான் தரையைத் தொடும். சாதாரண வண்டியானால் விரல் நுனியில் சமாளிக்கலாம். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து 23, 24 கிலோ எடையுள்ள வண்டி ஒருமுறை சாய ஆரம்பித்தால் விரல் நுனியின் வாதம் எடுபடாது. இது பாத நியாயம். நிலைவாதி இரண்டில் ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். டிராப்பர் இரண்டையும் காப்பாற்றுகிறது.

பாத நியாயம் மலையில் அரிதாகவும் துன் சம்பந்தன் சாலையில் அடிக்கடியும் எழுகிறது. காட்டில் யார் சிவப்பு விளக்கு போடுகிறார்கள்? இங்கே விளக்கு, அதைத் தாண்டினால் இரட்டை வரிசையில் நிறுத்திய கார், அதைத் தாண்டினால் வாழையிலைச் சாப்பாட்டுக்கு இடம் தேடி நடுச்சாலையில் யோசிக்கும் இன்னொரு கார். நடைபாதையில் ஏறிப் போகலாமே என்பவர் குனிந்து பார்க்கவும். அங்கே பதித்திருக்கும் மஞ்சள் வரிக்கற்கள் பார்வையற்றோர் கைத்தடியால் வழி அறிவதற்கானவை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பேட்டையில் அந்தக் கற்களின்மேல் சைக்கிள் விடுவது எந்தச் சித்தாந்தத்திலும் சேராது. ஆகவே சாலைதான், ஆகவே நிற்றல்தான். புக்கிட் கியாராவின் காட்டுப்பாதைகளுக்குப் போகவென்று வாங்கிய கருவி தன் பிறவிப்பயனை மோனோரயில் தூணின் நிழலில்தான் அடைகிறது.

பொருத்துவதில் மூன்று இக்கட்டு. துளையின் விட்டம் 30.9ஆ, 31.6ஆ, 34.9 மில்லிமீட்டரா என்பது ஒன்று. மெல்லிய தண்டை அகன்ற குழாயில் உறை போட்டு இறுக்கலாம், மறுதலை இயலாது. ஆழம் அடுத்தது. குழாயின் அடியில் மோட்டார் உட்கார்ந்திருப்பதால் தண்டு இறங்கும் தூரம் குறைவு. குச்சியை விட்டு அளந்து பார்க்காமல் 200 மி.மீ. இறங்குவதை வாங்கியவருக்குச் சீட் வானத்தில் நிற்கும்.

கேபிள்தான் பெரும்பாடு. ஹேண்டிலில் தொடங்கி, பேட்டரியை ஒட்டி, மோட்டாரின் முதுகைத் தாண்டி, சீட் குழாய்க்குள் மேலேற வேண்டும். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி, மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்திச் சற்றே இறக்கினால்தான் வழி கிடைக்கும். பூமாலைக் கடையில் கேட்டு வாங்கிய நூலை முன் துளையில் விட்டு, சீட் குழாயின் வாயில் வேக்கம் கிளீனரை வைத்து உறிஞ்சினால், மல்லிகை மணத்தோடு நூல் மறுமுனையில் எட்டிப் பார்க்கும். அதன் வாலில் கேபிளைக் கட்டி இழுக்க வேண்டும். கடைசியில் கழுத்துப் பிடியை ஐந்து நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும். வெறிகொண்டு இறுக்கினால் தண்டு நெரிபட்டு, இறங்கிய சீட் ஏற மறுக்கும்.

இடது கட்டைவிரலின் பணிச்சுமை தனி ஆய்வுக்குரியது. மோட்டாரின் வேகநிலைப் பொத்தான் அதனிடம், மணி அதனிடம், இப்போது சீட்டும் அதனிடம். குறுக்கே ஒருவர் வந்தால் மணி அடிக்க நினைத்துச் சீட்டை இறக்குவோர் உண்டு. திடீரென்று அரையடி குள்ளமாகும் ஓட்டுநரைப் பார்த்து எதிரே வருபவர் எப்படியும் ஒதுங்கிவிடுவதால், விளைவில் வேறுபாடு காணவில்லை.

வெள்ளிக்கிழமை வேட்டியோடு கோயிலுக்குப் போவோர்க்கு ஒரு குறிப்பு. தண்டு நுழையும் இடத்து ரப்பர் வளையத்தைச் சுற்றி கருப்பு மசகு கசிந்து நிற்கும். ஏறுமுன் பழந்துணியால் துடைக்கவும். துணியைச் சீட்டுக்கடியில் செருகி வைத்தால் அடுத்த சிவப்பு விளக்கில் அது சக்கரத்தில் மாட்டும்.