பெருங்காய டப்பாவில் கோதுமை

கேள்வி: கடலை மாவு, அரிசி மாவில் செய்த மிக்சரில் கோதுமைப் புரதமான குளூட்டன் எப்படி நுழையும்?

பதில்: வாசனை பிடித்துக்கொண்டு நுழையும். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் அதில் கொஞ்சம்தான், மிச்சம் வேலம்பிசினும் மைதாவும். சில கம்பெனிகள் மைதாவுக்குப் பதில் அரிசி மாவு சேர்ப்பதுண்டு. சிட்டிகைதானே என்று விட முடியாது. ஒரு கிலோ மிக்சரில் 2 கிராம் பெருங்காயத்தூள், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால், மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன்: 100 மில்லிகிராம். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட இந்திய விதி அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள்!

அடுத்த வழி எண்ணெய்ச் சட்டி. மைதா பிஸ்கட் பொரித்த எண்ணெயிலேயே ஓமப்பொடியும் பிழிந்தால், அடியில் கருகிக் கிடக்கும் தூள் இதிலும் ஒட்டும். கொதிக்கிற எண்ணெய் கிருமியைக் கொல்லும். குளூட்டன் கிருமி இல்லையே. மாவு மில்லிலும் இதே கதை: கோதுமை அரைத்த கையோடு அரிசியைக் கொட்டினால், முதலில் விழும் மாவு இரண்டுக்கும் பொது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளி பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தில் 'கூட்டுப் பெருங்காயம்' இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.